இணையத்திலே சபை கூடுமா?

சபை என்னும் சொல் வடமொழியினின்று வந்தது. அதன் பொருளை அவை, மன்றம் என்னும் சொற்களாலும் நம் முன்னோர் உணர்த்தினர். அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் வகுத்தமை யாவரும் அறிந்ததே. கிறித்தவ அன்பர்கள் தம் சமயக் கூட்டத்தைத் திருச்சபை என்பர். அவர்தம் புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் அதற்கு எக்கிளேசியா என்று பெயர். நகர மாந்தர் அழைப்பை ஏற்று வந்து ஓரிடத்திற் கூடும் கூட்டத்தையே பண்டைக் கிரேக்கர் அச்சொல்லாற் குறித்தனர். கட்டடமும் கோபுரமும் மணியும் பின்னர் வந்தவை. கூடிய மாந்தரே சபையாயினர்.

இணையம் என்பது அண்மைக் காலத்தில் ஆக்கப்பட்ட சொல். இணைதலாவது ஒன்றோடொன்று தொடுக்கப்படுதல். எருதுகள் நுகத்தில் இணைக்கப்படுகின்றன; கம்பியோடு கம்பி இணைக்கப்படுகின்றது. கூடுதலோ அதனின் வேறு. திருவிழாவிற்கு ஊர் கூடுகின்றது. இழவு வீட்டில் உற்றார் கூடுகின்றனர். இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகின்றது. இணையத்திலே சபை கூடுமா? "கூடுமா" என்பதற்கு "ஒன்றுசேருமா" என்பதும் "இயலுமா" என்பதும் பொருளாம். இவ்விரு பொருளும் ஈண்டுப் பொருந்தும்.

கிறித்தவ சமயத்தைப் பரப்புவோர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இணையத்தின்கண் புதிய சபைகளை நிறுவி வருகின்றனர். அவர்கள் செய்து பார்த்தவற்றையும், அவற்றால் விளைந்த அறிவையும், பழைய வரலாற்றோடு ஒப்பிட்டுச் சிறிது நோக்குவாம்.

மூடர் திருச்சபை

2004 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே இரண்டு முயற்சிகள் தொடங்கின. ஒன்று ஒக்ஸ்போட் மறைமாவட்டத்தார் தொடங்கியது. ஊரும் எல்லையும் இல்லாத, இணையத்தின்கண்ணே மட்டும் அமைந்த ஒரு சபையை அங்கிலிக்கன் திருச்சபையின் ஆளுகைக்கு உட்பட்டதாக அவர்கள் நிறுவினர். துறவியாகிய ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைத் தழுவிய சிறு குடும்பம்போல அது நடைபெறவேண்டும் என்பது அவர்தம் கருத்து. சிலரே வருவர் என எதிர்பார்த்த இடத்துப் பல நூற்றுவர் விண்ணப்பித்தனர்.

மற்றது மூடர் திருச்சபை என்னும் விந்தையான பெயரையுடையது. "மூடர் கப்பல்" என்ற பெயரில் 1977 இல் அச்சிலே தொடங்கிப் பின் 1998 இல் இணையத்திற்கு வந்த நகைச்சுவைச் சஞ்சிகையின் ஆசிரியர் சைமன் ஜெங்கின்சும் அவர் தோழரும் அதனை அமைத்தனர். பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபை பொருளுதவி செய்தது. 2004 மே மாதத்தில் அது திறக்கப்பட்டபோது இலண்டன் பேராயர் றிச்சட் சாட்டர்ஸ் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார்.

அச்சபையின் அமைப்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கணினித் திரையிலே ஒரு கற்கோயில் தோன்றும். பீடமும், பிரசங்க மேடையும், வரிசையான வாங்குகளும், நிலவறையும் அதில் உள. வருவோர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சித்திரப் பாவையைத் தெரிந்துகொள்வர். அப்பாவை நடக்கும், வாங்கில் அமரும், முழந்தாளிடும், கைகளை உயர்த்தும். தாம் சொல்ல விரும்பியதை அவர்கள் எழுத்தாற் சொல்வர். உலகின் பல மூலைகளில் இருந்தோர் ஒரே நேரத்தில் ஒரே பிரார்த்தனையைத் தட்டச்சிற் பொறித்தனர்.

கோயிலில் இடம் அளவுபட்டதாகவே இருந்தது. இடம் பெறாதோர் ஆவியுருவாக உள்ளே வரலாம். ஆவிகள் அங்கு நிகழ்வதைக் காணும். ஆயின், பிறர் கண்ணுக்குத் தோன்றா. பிறரோடு பேசவும் மாட்டா. இச்செய்தியை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்னர் இது பயன்படும்.

கதவு அனைவர்க்கும் திறந்திருந்தமையால் குறும்பரும் புகுந்தனர். சிலர் பிரசங்க மேடையில் ஏறி வசை பொழிந்தனர். ஆகவே மேடைக்குப் பூட்டு இடவும், ஒழுங்கு காப்போரை நியமிக்கவும், தகாதது செய்தோரை ஒரே விசையால் வெளியேற்றவும் நேர்ந்தது. மண்ணுலகக் கோயிலுக்குக் காவலாளர் வேண்டியதுபோலவே திரையிலே தோன்றிய கோயிலுக்கும் காவலாளர் வேண்டியவராயினர்.

சில மாதத்துப் பரிசோதனையாக நடந்த அது அவ்வாண்டிலேயே முடிந்தது. ஆனால் அங்கே பழகியோர் பிரிந்துபோக உடன்பட்டிலர். 2006 இல் அவர்களுக்காகப் புதிய பெயரில் வேறொரு இணையச் சபை எழுந்தது. அதன் உறுப்பினர் ஒருவருக்காக ஒருவர் செபித்தனர். காலப்போக்கில் ஊர்களைக் குறித்துக்கொண்டு நேரிலும் சந்தித்தனர். சித்திரப் பாவையாய் அறிமுகமானவர் தேநீர்க் கோப்பையோடு எதிரே அமர்ந்தபோது அந்நட்பு முழுமை பெற்றது எனலாம்.

இவ்வகைச் சபைகள் ஐந்தை ஆராய்ந்த ரிம் ஹச்சிங்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 2017 இல் அதனை நூலாக வெளியிட்டார். அங்கு வந்தோரிற் பலர் தத்தம் ஊர்ச் சபைக்கும் செல்பவர்களாக இருந்தனர் என்பதும், எதையும் புதிதாகப் படைக்கக்கூடிய இணையத்தில் அவர்கள் பழகிய கோயில் வடிவையும் வழிபாட்டு முறையையுமே நாடினர் என்பதும் அவர் கண்டவற்றுட் சில. புதிய நிலத்திற் குடியேறினோர் பழைய ஊரின் பெயரையே இடுவதுபோன்றது இது.

திருமுகமும் பெயர்களும்

தொலைவிலுள்ளோரை ஒரு கருவியினாற் சபையாக்கும் முயற்சி நம் காலத்திலேதான் தோன்றியது என்று கருதுதல் பொருந்தாது. புதிய ஏற்பாட்டின் பெரும் பகுதி கடிதங்களால் ஆயது. பவுல் என்றும் சின்னப்பர் என்றும் நம்மவர் வழங்கும் அப்போஸ்தலர், தாம் நிறுவிய சபைகளுக்கும் தாம் கண்டிராத சபைகளுக்கும் திருமுகங்கள் எழுதினார். ஒரு சபைக்கு எழுதியதை அடுத்த ஊர்ச் சபையாரும் வாங்கிப் படிக்கவேண்டும் என்றும் பணித்தார். அக்காலத்து இணையம் அதுவே.

அவற்றுள் உரோமாபுரியாருக்கு அவர் வரைந்தது ஆழ்ந்த தத்துவம் நிரம்பியது. அதனை எழுதியபோது அவர் அந்நகரைக் கண்டிலர். அதன் இறுதி அதிகாரம் பெயர்களின் நிரல். இருபதுக்கு மேற்பட்டோரைப் பெயர் சுட்டி அவர் வாழ்த்துகின்றார். தமக்காக உயிரையே துச்சமெனக் கருதிய பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்போரை நன்றியோடு நினைக்கின்றார். ரூபு என்பவரின் அன்னை தமக்கும் அன்னையாய் இருந்தாள் என்கின்றார். கெங்கிரேயா ஊரினளாகிய பெபேயாள் என்னும் பெண்மணியை ஏற்று உபசரிக்குமாறு வேண்டுகின்றார். அக்கடிதத்தைச் சுமந்து சென்றவள் அவளே என்பது அறிஞர் பலரின் துணிபு.

படிப்போர் இப்பகுதியைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுவர். சபை என்பதன் இலக்கணமோ இங்கேயே உளது. தத்துவம் யாவர்க்கும் பொது. பெயர் சொல்லி நலம் வினாவுதல் ஒருவர்க்கே உரியது. அன்றியும், அப்பெருமகனார் கடிதத்தோடு நிறைவெய்தினாரல்லர். உங்கள் முகத்தைக் காண ஏங்குகின்றேன் என்னும் கருத்து அவர் திருமுகங்களிற் பலகாலும் வருகின்றது. கருவியின் வலியையும் அதன் எல்லையையும் அவர் ஒருங்கே உணர்ந்திருந்தார்.

ஒரு பென்னி தந்த பாடம்

மூடர் திருச்சபைக்குப் பொருளுதவிய மெதடிஸ்த இயக்கத்தின் தோற்றமும் இதனையே விளக்கும். 1739 இல் ஜோன் வெசுலி, தம் நண்பர் ஜோர்ஜ் வைற்பீல்டின் வழியைப் பின்பற்றி, பிரிஸ்டல் நகரத்தருகே வெட்டவெளியிற் பிரசங்கிக்கத் தொடங்கினார். கோயில் வாயிலை மிதியாத நிலக்கரித் தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் கேட்டனர். கோயிற் சுவருக்குள் நின்று பேசுதலே முறை எனக் கருதிய அக்காலத்து, திறந்த வெளி என்பது பெரும் புதுமை.

கேட்டோர் பலர், ஆயின், கேட்டோரைக் காத்தது பிரசங்கம் மட்டுமன்று. பிரிஸ்டலிற் கட்டிய மண்டபத்தின் கடனைத் தீர்க்க வழி தேடிய கூட்டம் ஒன்று 1742 இல் நடந்தது. ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு பென்னி கொடுப்பது என முடிவாயிற்று. ஏழைகள் அதற்கும் என் செய்வர் என்று ஒருவர் வினவ, பதினொருவரைத் தம்மிடம் ஒப்படைக்குமாறும், தர இயலாதார் பங்கைத் தாமே தருவதாகவும் ஒரு மாலுமித் தலைவர் முன்வந்தார். பிறரும் அவ்வாறே பொறுப்பேற்றனர். பென்னி தண்டுவதற்காக வாரந்தோறும் வீடுவீடாகச் சென்றவர்கள், யார் நோயுற்றார், யார் குடியில் வீழ்ந்தார், எந்த மனையில் சச்சரவு என்பதை அறிந்தனர். இதன் பயனைக் கண்டுகொண்ட வெசுலி அதனையே தம் இயக்கத்தின் முதுகெலும்பாக்கினார். பன்னிருவர் அளவான அக்குழுக்களே மெதடிஸ்த சபையை நிலைபெறச் செய்தன என்பது வரலாற்றாசிரியர் பலர் ஒப்பும் உண்மை.

அச்சு வந்த காலம்

அம்மரபினரான வெசுலியன் மிசனரிமார் 1814 இல் இலங்கைக்கு வந்தனர். 1816 இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். 1834 அளவில் மானிப்பாயில் அவர்தம் அச்சியந்திரசாலை இயங்கத் தொடங்கியது. துண்டுப் பிரசுரங்கள் ஊர்தோறும் பரப்பப்பட்டன. 1841 இல் உதயதாரகை வெளிவந்தது. ஏட்டுச் சுவடியன்றிப் பிறிதறியாத மக்கள் நடுவே அச்சுத்தாள் விளைத்த வியப்பு, இன்று கைத்தொலைபேசி விளைத்ததினும் குறைந்ததன்று.

ஆனால் தாளைப் பெற்றோர் யாவரும் சபையிற் சேர்ந்திலர். உதயதாரகையைச் சைவரும் படித்தனர். வெசுலியன் பாதிரியாராகிய பேர்சிவலுக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டிற் பாடசாலையை நிறுவினார்; பின்னர் அச்சியந்திரமும் அமைத்தார். கருவி எவர் கைக்கும் ஏவல் செய்யும். மிசனரிமாரின் சபை உறுப்பினர் பெரிதும் எங்கிருந்து வந்தனர் என ஆராயின், வட்டுக்கோட்டைச் செமினரி, உடுவில் பெண்கள் பாடசாலை முதலிய விடுதிப் பள்ளிகளை நோக்கவேண்டும். ஆசிரியரும் மாணவரும் ஒருங்கு உண்டு உறைந்து பழகிய இடங்கள் அவை. தாள் செய்தியைக் கொண்டு சென்றது. பழக்கமே உறவை உண்டாக்கிற்று.

எண்ணும் உறவும்

இற்றைநாளில் இணையப் பிரசாரத்தின் அளவு வியக்கத்தக்கது. அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்திற் கிறெக் குறோஷெல் என்னும் போதகரின் சபை 2006 இல் இணைய ஆராதனையைத் தொடங்கியது; தாம் ஆக்கிய இணைய வசதியைப் பிற சபைகளுக்கும் விலையின்றி வழங்கியது. அச்சபையே 2008 இல் வெளியிட்ட வேதாகமச் செயலி 2021 ஆம் ஆண்டளவில் 50 கோடி கருவிகளில் இறக்கப்பட்டது. எந்த அச்சகமும் இவ்வளவு விரைவாக ஒரு நூலைப் பரப்பியதில்லை.

எனினும், இறக்கிய செயலிகளை எண்ணலாம். அவற்றைத் திறந்து வாசித்த உள்ளங்களை எவ்வாறு எண்ணுவது? காணொளியைப் பார்த்தோரின் தொகையைக் காட்டும் எண், அவருள் எவர் கண்ணீரோடு பார்த்தார் என்பதைக் காட்டாது. மூடர் திருச்சபையின் ஆவிகளை ஈண்டு நினைவு கூர்க. அனைத்தையும் கண்டும் எவராலும் காணப்படாமல் அங்கு உலாவிய அவ்வாவிகள், இன்று திரையின்முன் தனித்திருக்கும் எத்தனையோ இலக்கம் பார்வையாளருக்கு முன்னோடிகளாவர். ஒக்லஹோமாச் சபையாரும் இதனை உணர்ந்தனர். ஆராதனை நடக்கும்போதே, வருவோரோடு எழுத்தால் உரையாடவும் தனியாகச் செபிக்கவும் தொண்டரை அமர்த்தினர்.

சடங்குகளைப் பற்றிய விவாதமும் இங்கேதான் எழுந்தது. அப்பமும் இரசமும் திரையின் வழியே பகிரத்தக்கனவா? இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று 2002 இல் வத்திக்கான் வெளியிட்ட ஏடு தெளிவுறக் கூறிற்று. அதே ஏடு, இறையருளால் ஆங்கும் சமய அனுபவம் வாய்த்தல் கூடும் எனவும், இணையத்தில் வந்தோரை மெய்யான சமூகத்திற்கு அழைத்து வருதல் வேண்டும் எனவும் அறிவுறுத்தியது. பிரித்தானிய மெதடிஸ்தர் 2018 இல் இணையவழித் திருவிருந்துக்கு இடந்தந்திலர். பெருந்தொற்றின் பின் 2021 இல் ஒரு கால எல்லை வகுத்து அதனை நடத்திப் பார்க்க இசைந்தனர்.

அப்பெருந்தொற்று வந்தபோது உலகெங்கும் ஆலயங்கள் அடைபட்டன. 2020 மார்ச்சு 27 ஆந் திகதி, பாப்பரசர் பிரான்சிசு, மக்களற்ற பெருஞ்சதுக்கத்தில் மழையினூடே தனித்து நின்று செபித்ததை உலகம் திரையிற் கண்டது. அடுத்த மாதமே அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். திரைவழி வழிபாடு இடர்க்காலத்துத் திருச்சபையின் நிலையேயன்றித் திருச்சபையின் இயல்பு அன்று என்பது அதன் சாரம்.

இதனைக் கொண்டு இணையச் சபையை இகழ்தல் முறையாகாது. கட்டிலை விட்டு எழ இயலாத முதியவருக்கும், செவி கேளாதவருக்கும், கூட்டத்தை அஞ்சுபவருக்கும், தம் மதம் ஒறுக்கப்படும் நாடுகளில் வாழ்பவருக்கும் அது திறந்த ஒரே வாயிலாக இருத்தல் கூடும். கடல் கடந்து சென்ற நம்மவர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்துகொண்டு, தாம் ஞானஸ்நானம் பெற்ற ஊர்க் கோயிலின் திருநாளைத் திரையிற் கண்டு கண்கசியும்போது, அதனைப் பொய்யென்று எவர் கூறத் துணிவர்?

தெருவில் நின்றோர்

இவ்வினாவின் கனத்தை நம் நாடு அறியும். 2019 ஏப்பிரல் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் கூடியிருந்தோர் மீது வெடி வெடித்தது. கூடியிருந்தமையே அவர்கள் செய்தது. மட்டக்களப்பில் மடிந்தோருட் பலர் சிறு பிள்ளைகள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைகள் நிறுத்தப்பட்டிருந்தன. கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். கூட அஞ்சிய நாளிலே திரை ஒன்றே கோயிலாயிற்று, அது பேருதவியே. ஆனால் அதே நாளில், கொச்சிக்கடையில், பூட்டிய ஆலயத்தின் வெளியே, காவலரின் தடைக்கு இப்பால், தெருவிலே மக்கள் நின்று செபித்தனர். திருப்பலி வீட்டிற்கே வந்துகொண்டிருக்க, அவர்கள் ஏன் அங்கு வந்தனர்? தம்மைப்போல் துயருற்றவர் அருகே நிற்பதற்கு வந்தனர். யூன் மாதத்தில் அவ்வாலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது, உயிருக்கு ஊறு நேர்ந்த அதே நிலத்தில் அவர்கள் மீண்டும் கூடினர்.

இடாப்பு

பாடசாலையில் நாள்தோறும் முதற்கண் நிகழ்வது பாடமன்று. வரவு இடாப்பில் பெயர் கூப்பிடுதல். ஒரு பெயருக்கு மறுமொழி வாராதபோது ஆசிரியர் தலைநிமிர்ந்து, "ஏன் வரவில்லை?" என்று வினவுவார். அயல்வீட்டுப் பிள்ளை எழுந்து காரணம் கூறும். அச்சிறு நிகழ்ச்சி இல்லாவிடின் வகுப்பு என்பது கேட்போர் திரளேயாகும்.

சபையின் அளவுகோலும் இதுவே எனத் தோன்றுகின்றது. ஒருவர் வந்ததை அறிதல் எளிது. வாராமையை அறிதற்கு அன்பு வேண்டும். பவுலின் பெயர் நிரலும், வெசுலியின் பன்னிருவரும், ஒக்ஸ்போட்டார் எண்ணிய சிறு குடும்பமும் இவ்வொன்றையே நாடின. எந்தக் கருவியும் இதனைத் தானாகச் செய்யாது. எந்தக் கருவியும் இதனை முற்றாகத் தடுக்கவும் இல்லை. நூறு வாங்குகள் நிறைந்த கற்கோயிலிலும் ஒருவர் ஆவியாக வந்து ஆவியாகப் போகலாம். அதுபோலவே, திரையின் வழியே வந்த ஒருவரை மற்றொருவர் பெயர் சொல்லித் தேடுவாராயின், அங்கே கூடுதல் தொடங்கிவிட்டது.

ஆதலால், இணையத்திற் சபை நிறுவ முனையும் அன்பர்கள், பார்வையாளர் தொகையை நோக்கி மகிழ்வதற்கு முன் ஓர் இடாப்பை வைத்துக்கொள்வாராக. பன்னிருவர் பெயரை அதில் எழுதுக. ஒரு கிழமை ஒருவர் தோன்றாவிடின், மறுநாளே அவரைத் தொலைபேசியில் அழைத்து நலம் கேட்க. இயலுமாயின் அவர் படலையைத் தட்டுக.